நவரட்ணராஜாவின் பாஸ்

நவரட்ணராஜாவுக்குக் கண்டியில் வந்த பெரிய குழப்பம், ஒரு கம்பியை எவ்வளவு தூரம் தளர்த்தலாம் என்பது. சிரிக்காதீர்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஆமி தரும் பயண பாஸ் எடுத்து, கப்பலேறி வந்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவனுக்குக் கவலைப்பட எத்தனையோ இருந்தன. அவனுடைய தலைக்குள் மட்டும் கம்பிதான் ஓடிக்கொண்டிருந்தது.

நாவலப்பிட்டியில் கலியாண வீடுகளுக்கு வாசித்துவந்த ஒருவர் தொழிலை விட்டபோது, அவருடைய நாலு கம்பிக் கிட்டாரை நவம் வாங்கினான். அடிச்சுருதிக்கான தடித்த கம்பிகள் போட்ட கிட்டார். பெட்டியில் இங்கிலீசில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, அதைப் 'பாஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டான். அவனோடு சேர்ந்து வாசித்த அக்குறணை மஹ்மூத் ஆயிரம் தரம் திருத்தினான்.

"பாஸ் இல்ல மச்சான், பேஸ். பாஸ் எண்டா வீடு கட்டுற ஆள்."

"எழுத்துப்படி பாஸ்தானே?" என்பான் நவம். பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்லை.

மஹ்மூத் கிட்டார் வாசித்தான். வாப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஞாயிறு தோறும் மெட்டல் என்ற இடிமுழக்கப் பாட்டு வாசித்தார்கள். ட்ரம்ஸ் அடித்தவன் சிங்கள நண்பன். ஊர், பெயர், எங்கே தங்கியிருக்கிறாய், யாரைத் தெரியும் என்று கண்டி முழுக்க நவத்தைக் கேட்டது. அந்த ஸ்டோரில் மட்டும் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எந்தச் சுருதி என்ற ஒரே கேள்விதான். அதற்காகவே அவன் அங்கே போனான் என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவனிடம் பதில் இல்லை. மஹ்மூத் தன் கிட்டாரின் சுருதியை 'பி' வரைக்கும் இறக்கிவிட்டான். நவமும் தன் தடித்த கம்பியை இறக்கினால், அது உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரித் தொய்ந்து கட்டைகளில் அடித்தது. அந்த ஒரு கம்பியை 'டி'க்கு மட்டும் இறக்கினால் கம்பி நின்றது, பாட்டு நிற்கவில்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன் போட்டால் கோபம் இருந்தது, அடிச்சத்தம் செத்துப்போனது. மஹ்மூத்தின் சின்ன ஸ்பீக்கரில் கொடுத்தால் அது கிழியப் பார்த்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாமே சரி போலவும் எல்லாமே பிழை போலவும் இருந்தது.

கடைசியில் மஹ்மூத்தின் நானா, அண்ணன்காரர், டுபாயிலிருந்து அஞ்சு கம்பிச் செட் இரண்டு அனுப்பினார். மெல்லிய கம்பியை விட்டுவிட்டு, தடித்த நாலையும் நாலு கம்பிக் கிட்டாரில் போட வேண்டும். கம்பி உட்காரும் பள்ளத்தை அரத்தால் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். நவம் இரண்டு கிழமை ராவி ராவி அதை முடித்தான். முதல் அடியிலேயே அரிசி மூட்டையில் தூசி எழும்பியது. ட்ரம்ஸ்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

வந்த சனிக்கிழமை கண்டியில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. பெரிய ஸ்பீக்கருக்கும் சொல்லியாயிற்று. அந்தச் சத்தத்தை ஒரு மண்டபம் நிறையச் சனம் கேட்க வேண்டும் என்பதைத் தவிர நவத்துக்கு அப்போது வேறு ஆசையே இருக்கவில்லை.

வெள்ளி பின்னேரம் கடைசி ஒத்திகைக்காக அக்குறணை பஸ்ஸில் போனான். வழியில் சோதனைக்கு இறக்கினார்கள். பெட்டியைக் காட்டி என்னவென்று சிங்களத்தில் கேட்டான் ஆமிக்காரன்.

"பாஸ்," என்றான் நவம்.

பயண பாஸைக் காட்டச் சொன்னான். நவம் பெட்டியைக் காட்டினான். ஆமிக்காரன் உள்ளே இருந்த அரத்தையும் குறட்டையும் பார்த்துவிட்டு, "நீ பாஸா?" என்று கேட்டான். கேட்டவன் நினைத்தது மேசன் பாஸை. தன் வாசிப்பைத்தான் விசாரிக்கிறான் என்று நினைத்த நவம், சந்தோஷமாகத் தலையாட்டினான். அடையாள அட்டையில் தொழில் லிகிதர் என்று இருந்தது. பையில் தடித்த கம்பிச் சுருள்கள் இருந்தன. சட்டைப் பையில் கம்பிகளின் சுருதியும் தடிப்பும் குறித்து 'பி, ஈ, ஏ, டி, 130' என்று எழுதிய துண்டு. பிறகென்ன, ஜீப் வந்தது.

பொலிஸில் பெரியவர் ஒருவர் மரியாதையாகவே பேசினார். வாத்தியம் என்றால் வாசித்துக் காட்டு என்றார். நவம் வாசித்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தம் எங்கே?"

"கரண்ட் குடுத்தால்தான் வேலை செய்யும்," என்றான் நவம், தெரிந்த சிங்களத்தில்.

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பிச் சுருளுக்கும் கரண்டுக்கும் குண்டு வெடித்த அந்த நாளில் வேறு அர்த்தம் என்பது, பாவம், சொல்லி முடிந்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. வாயைத் திறந்தால் பிழை, மூடினால் அதைவிடப் பிழை. சனிக்கிழமை முழுவதும் மர வாங்கில் இருந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். ஆறு மணிக்கு நிகழ்ச்சி. ஆறும் போனது.

ஞாயிறு காலை, அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி பத்மாதேவி, அவன் அங்கே தங்கப் பொலிஸில் பதிந்த துண்டையும் சங்கத் தலைவரின் கடிதத்தையும் கொண்டுவந்து கூட்டிப்போனார். கிட்டாரையும் தந்தார்கள், கம்பிகளைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் மஹ்மூத் ஓடிவந்தான். நவம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினான்.

"நிகழ்ச்சி நிண்டு போச்சோ? என்னாலதானே எல்லாம்..."

"நிக்கல்ல மச்சான், செஞ்சோம். ஹோல் நெறஞ்சி இருந்திச்சி."

"நானில்லாமலோ?"

நண்பன் குற்ற உணர்ச்சியில் சாகக்கூடாதே என்று மஹ்மூத்துக்குத் தவிப்பு. தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான்.

"நீ ஒண்டுக்கும் யோசிக்க வாணாம். பேஸ் இல்லாதது ஒருத்தனுக்கும் வெளங்கல்ல."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"அல்லாஹ்வே, ஒருத்தரும் கேக்கல்ல."

இரண்டு நாளும் உள்ளே வராத அழுகை நவத்துக்கு அப்போது வந்தது. வெளியே வந்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து, மஹ்மூத் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.