அம்மா திருப்பி அனுப்பியவர்கள்

அம்மாவுக்கு ஒஸ்லோவில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று சம்பளத்துக்கு: எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. மற்றதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. தமிழ்ச் செத்தவீடுகளில், தகனசாலை மண்டபத்தின் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையில், எல்லோரும் ஜக்கற் கொழுவும் இடத்தில் நிற்பார். கர்ப்பிணி யாராவது வந்தால் திருப்பி அனுப்புவார்.

எங்கள் ஆட்களில் பிள்ளைத்தாச்சிகள் பிரேதம் பார்ப்பதில்லை. முதல் மூன்று மாதமும் ஓங்காளமும் சத்தியும் தலைச்சுற்றுமாக அவர்கள் தாங்களாகவே வீட்டில் நின்றுவிடுவார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு பார்த்தாலே தெரியும். இடையில் இருக்கும் கிழமைகள்தான் சிக்கல். சத்தி நின்றிருக்கும். உடம்பில் தெம்பு வந்திருக்கும். வயிறு இருக்கும், ஆனால் நோர்வேயின் குளிர்கால ஜக்கற்றுக்குள் அது ஒளிந்துகொள்ளும். சில வேளை அவளுக்கே மறந்துபோகும். அந்தக் கிழமைகள்தான் அம்மாவின் பகுதி.

அம்மா முதலில் சப்பாத்தைப் பார்ப்பார். வழக்கமாகக் கயிறு கட்டும் சப்பாத்துப் போடுகிறவள் இழுத்துப் பூட்டும் சிப் வைத்ததுக்கு மாறியிருந்தால், பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார்.

"பிள்ளை, ஜக்கற்றைக் கழட்டாதை."

அவ்வளவுதான். அவள் அப்படியே திரும்பிக் காருக்குப் போவாள்.

ஆண்கள் அம்மாவுக்கு, எயார்போட் சுங்கப் பரிசோதகர் மாதிரி, 'கஸ்ரம்ஸ்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஒருவர் தன் தொப்பை வண்டியைத் தடவிக்கொண்டு, "பூமணி அக்கா, எனக்கும் ஒருக்கா ஸ்கான் பண்ணிவிடுங்கோவன். அஞ்சு மாசம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

"உனக்கு இரட்டை. உள்ளுக்குப் போ" என்றார் அம்மா.

அம்மா பிழை விட்டதும் உண்டு. தேவிகா என்ற பெண் ஜக்கற்றைக் கழற்றி, பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினாள். "அன்ரி, இது பிள்ளை இல்லை, பீற்சா." அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த செத்தவீட்டிலும் அதே இடத்தில் நின்றார்.

வேலையின் மறுபாதி மாலையில் நடக்கும். வீட்டுக்கு வந்து, தலை தோய்ந்து, உடுப்பு மாற்றி, சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு, திருப்பி அனுப்பியவளின் வீட்டுக்குப் போவார். நடந்ததை எல்லாம் சொல்வார். முதலில் பூக்கள். பிறகு வந்தவர்கள், ஐயர், உடுப்பு, கைகள். முகம் கடைசியில். கூட்டிச் சொல்லமாட்டார். முகம் நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பார். பலமுறை நான்தான் காரில் கூட்டிப்போனேன். காருக்குள் எனக்கு எதுவும் சொல்லமாட்டார். அது எனக்குரியது அல்ல.

நான் வைத்தியசாலைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியியலாளர். ஸ்கான் மெஷின்களும் அதில் அடக்கம். கர்ப்பமானதை அம்மாவுக்குப் பிந்திச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் அவர் என்னை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு வரச் சொன்னார். சப்பாத்துக் கடைக்குள் போய் சிப் வைத்த ஒரு சோடியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதைப் போட்டுப் பார்."

"என்னட்டைச் சப்பாத்து இருக்குத்தானே அம்மா."

"இதுக்குக் குனியத் தேவையில்லை. எத்தினை கிழமை?"

"பதினாறு."

"அவனுக்குத் தெரியுமோ?"

"அம்மா! யூலியன் என்ர மனிசன்."

"இல்லை, கேட்டனான். நோர்வேக்காரருக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கவேணும்."

கடைக்கு வெளியே வந்தபோது துசாந்தினி அக்கா சாமான் தள்ளுவண்டியோடு எதிரே வந்தார். அம்மாவைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். பதினொரு வருடமாக அப்படித்தான்.

அது அவருடைய அப்பாவின் செத்தவீட்டோடு தொடங்கியது. துசா அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அப்பா போன அதிர்ச்சியில் ஜக்கற்றைப் பாதி கழற்றியபடி ஓடிவந்தார். நானும் அங்கே நின்றேன். அம்மா தன் வசனத்தைச் சொன்னார்.

"என்ர அப்பா! என்ர அப்பாவைப் பாக்கவேண்டாமெண்டு சொல்ல நீங்கள் ஆர்?"

"நான் ஒருத்தருமில்லைப் பிள்ளை. நான் கையைப் பிடிக்கேல்லை. போறதெண்டால் போ. பிறகு ஏதும் நடந்தால் உன்ர மாமி என்ன சொல்லுவா எண்டதை மட்டும் ஒருக்கா யோசி."

மாமியார் உள்கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துசா அக்கா ஜக்கற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று மாலை அம்மா போனபோது கதவைத் திறக்கவில்லை. அம்மா சாப்பாட்டுப் பையைக் கதவுப்பிடியில் கொழுவிவிட்டு வந்தார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. துசா அக்கா அம்மாவோடு பிறகு கதைக்கவேயில்லை.

ஸ்ட்ரோம்மனில் கோப்பி குடிக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். "பிரேதத்தைப் பாத்தால் பிள்ளைக்கு எப்பிடி அம்மா பழுது வரும்? ஒரு வழியைக் காட்டுங்கோ பாப்பம்."

"எனக்கென்ன தெரியும்? வராமலும் இருக்கும்."

"அப்ப ஏன் மறிக்கிறியள்?"

"நூறு பிள்ளைத்தாச்சியிலை ரெண்டு பேருக்கு எப்பிடியும் ஏதோ நடக்கத்தான் செய்யும். நடந்தால் ஆக்கள் காரணம் தேடுவினம். செத்தவீட்டுக்குப் போனவள் எண்டால் வேறை தேடத் தேவையில்லை. அவளே தன்னைச் சொல்லுவாள், சாகும்வரைக்கும். நான் அந்தக் கதவைப் பூட்டிவிடுறன். வேறை ஒண்டுமில்லை."

எங்கள் வேலையிலும் அது உண்டு. மெஷின் பழுதானால், கடைசியாகத் தொட்டவன் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

என் இருபதாவது கிழமையில் அம்மா இறந்தார். வேலை இடத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முதல், மூளையில் இரத்தக் கசிவு. நான் வேலையாக வடக்கே ட்ரொம்சோவில் நின்றேன். அப்பா போன் எடுத்தார். முதலில் "வயித்தோடை ஓடாதை" என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் ஒஸ்லோவில் இறங்கியபோது அம்மாவை வைத்தியசாலையிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். இனி மண்டபத்தில், கிரியை நாளில் மட்டும்தான் முகம் பார்க்கலாம்.

அதே கிழமையில் என்னுடைய ஸ்கானும் இருந்தது. திகதியை மாற்றவில்லை. படத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு விழுந்தது. மெஷினின் கையில் பிடிக்கும் பகுதியில் ஒரு சிறு துண்டு வேலை செய்யாவிட்டால் அப்படித்தான் வரும். யூலியன் திரையைப் பார்த்து அழுதான். நான் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அதைப் பிறகு சொல்லுவோம்" என்றார் மருத்துவமாது. "இதோ முதுகெலும்பு. பாருங்கள்."

பார்த்தேன். முதுகெலும்பு ஒழுங்காக இருந்தது. அசைவு தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறது, மெத்தை மாதிரி, அதனால் பிந்தித்தான் தெரியும் என்றார். விளக்கம் போதுமானதாக இருந்தது. நான் எதையும் உணராமல் இருந்தது வயிற்றில் மட்டுமல்ல. அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிரியைக்கு முதல்நாள் அப்பாவிடம் சொன்னேன், நான் வருகிறேன் என்று.

"அம்மா இருந்தால் உன்னை விடமாட்டா, ராகவி."

"அம்மா இல்லைத்தானே அப்பா."

"உன்ர விருப்பம்" என்றார் அவர்.

நான் ஒரே பிள்ளை. அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக இருந்தது. யார் மறித்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொருவருக்கும் பதில் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அம்மா வாங்கித் தந்த சப்பாத்தைப் போட்டேன்.

ஜக்கற் கொழுவும் இடத்தில் சனம் நிறைந்திருந்தது. என்னைக் கண்டதும் கதை நின்றது. எல்லோரும் என் சப்பாத்தைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். அம்மா நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. யூலியன் அப்பாவோடு நிற்க உள்ளே போனான். நான் ஜக்கற்றின் சிப்பில் கை வைத்தேன்.

"உன்னை ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

துசா அக்கா. கறுப்புச் சேலை, கையில் குல்லா. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

"மறிக்கிற ஆள் உள்ளுக்கெல்லோ கிடக்கிறா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குல்லாவால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கிட்ட வந்தார்.

"நீ போ. நான் கதவடியிலை நிக்கிறன். ஆரும் வாய் துறந்தால் என்னோடை கதைக்கட்டும். என்னை அண்டைக்கு விட்டிருக்கவேணும். உன்னையெண்டாலும் விடவேணும்."

மறிப்பவர்களுக்குத்தான் நான் பதில் ஆயத்தம் செய்திருந்தேன். உள்கதவு திறந்திருந்தது. பெட்டியின் கால்மாடு தெரிந்தது. பத்தடி போனால் முகம்.

எனக்குத் துடக்குத் தீட்டிலும் தோஷத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளை பிறக்க இன்னும் பல கிழமைகள் இருந்தன. அதற்குள் ஏதாவது நடந்தால் நான் காரணம் தேடுவேன். தேடுவது என் தொழில். தேடிக்கொண்டே போனால் அம்மாவின் முகத்தில் வந்து நிற்பேன். கடைசியாகத் தொட்டது அம்மா என்று எனக்குள் ஒரு பதிவு இருக்கும். அதை நான் விரும்பவில்லை.

சிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

"அக்கா, நீங்கள் உள்ளுக்குப் போய் வடிவாப் பாருங்கோ. பாத்திட்டு எனக்கு வந்து சொல்லுங்கோ."

"நானோ?"

"ஓம்."

"நான் வந்தால் நீ கதவைத் துறப்பியோ?"

"துறப்பன்."

காரில் போய் இருந்தேன். சீற்றின் சூட்டைப் போட்டேன். கிரியையில் உரலில் சுண்ணம் இடிக்கும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அதோடு பாடும் பாட்டு கேட்கவில்லை. பெட்டியைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லாததால் அந்தப் பகுதி சீக்கிரம் முடிந்திருக்கும். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணாடியில் பனி படிந்தது. துடைப்பானை ஒருமுறை போட்டு நிறுத்தினேன்.

மாலையில் ஹொல்ம்லியாவில் எங்கள் வீட்டு மணி அடித்தது. துசா அக்கா தலை தோய்ந்திருந்தார். குல்லாவுக்கு வெளியே தெரிந்த ஈர மயிர் குளிரில் விறைத்துப்போயிருந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

"சோறும் பருப்பும்தான்" என்றார். "அவ இதைத்தானே கொண்டுவாறவ."

கதிரையின் நுனியில் இருந்தார். "முகத்திலையிருந்து தொடங்கட்டோ?"

"இல்லை, கடைசியாச் சொல்லுங்கோ. முதல் பூ."

அவர் தட்டித்தடவிச் சொன்னார். றோசாதான் கூட, செவ்வந்தி குறைய. முதியோர் இல்லத்திலிருந்து ஆறேழு பேர் வந்து பின்வரிசையில் இருந்தார்கள், அதில் ஒரு கிழவர் சக்கரக் கதிரையில். ஐயர் பேரைப் பூரணி என்று சொல்ல, அப்பா எழும்பிப் பூமணி என்று திருத்தினார். யாருடையதோ போன் சினிமாப் பாட்டோடு அடித்தது. சேலை, என் கலியாணத்துக்கு அம்மா உடுத்த அரக்குக் கலர். நகங்களில் மஞ்சள் போகவில்லை.

பிறகு நிறுத்தினார்.

"சொல்லுங்கோ அக்கா."

"முகம் நல்லா இருக்கேல்லை. பவுடர் அள்ளிப் போட்டிட்டினம். வாய் வலப்பக்கம் கீழை இறங்கியிருந்தது."

"வலப்பக்கமோ?"

"ஓம்."

"அப்ப கசிவு மூளையின்ர இடப்பக்கம்" என்றேன்.

அவர் தலையாட்டினார், அது முக்கியமான செய்தி என்பதுபோல. "பொட்டு நடுவிலை இல்லை. ஒருத்தரும் பாக்காத நேரம் நான் துடைச்சுப்போட்டு நேரா வைச்சனான். நெத்தி நல்லாக் குளிர்ந்து கிடந்தது. பொட்டு வைச்ச பிறகு கொஞ்சம் அவ மாதிரி இருந்தா."

யூலியன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். துசா அக்கா குடிக்கவில்லை. "பிள்ளை துடிக்குதோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. நஞ்சுக்கொடி முன்னாலை."

"எனக்கும் பிந்தித்தான்." எழுந்து குல்லாவைப் போட்டார். கதவடியில் போய் நின்றார். கதவுப்பிடியில் கை வைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அண்டைக்கு அவ வந்து பெல் அடிக்க நான் கதவுக்கு இஞ்சாலை நிண்டனான். பையைக் கொழுவுற சத்தம் கேட்டது. துறக்கேல்லை. பிறகு எத்தினையோ தரம் கேக்க நினைச்சனான். ஸ்ட்ரோம்மனிலை கூட. அப்பா எப்பிடி இருந்தவர் எண்டு. வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிடுவன். இனி ஆரிட்டைக் கேக்கிறது?"

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அக்கா, நான் அண்டைக்கு உள்ளுக்கும் போனனான்."

அவர் திரும்பினார்.

"எல்லாம் ஞாபகம் இல்லை. இருக்கிறதை மட்டும் சொல்லுறன். கூட்டிச் சொல்லமாட்டன்."

குல்லாவைக் கழற்றினார். ஜக்கற்றையும் கழற்றினார். திரும்பி வந்து, இந்த முறை கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"முதல் பூ" என்றேன். "எல்லாம் வெள்ளை. கால்மாட்டிலை ஒரு வளையம் மட்டும் மஞ்சள்."

"அது நான் அனுப்பினது" என்றார் துசா அக்கா.