பசைக்குள் போன கடைசிப் பக்கம்

சமையலறையிலிருந்து கெண்டியின் சீறலோடு காகிதம் பிரியும் ஓசையும் வந்தது. ஷிபானிக்குப் பகீரென்றது. "நிதாய் காக்குவுக்கு நானே டீ போடறேன்மா" என்று, பை வாங்க வந்த சித்தப்பா முறைக்காரரைச் சாக்கிட்டு மகன் போல்ட்டு ஓடியபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

பதின்மூன்று வயது போல்ட்டுவுக்குப் பள்ளிப் புத்தகம் என்றால் வேப்பங்காய். ஆனால் பொரிப் பொட்டலம் வாங்கினால், பொரியைச் சட்டைப்பையில் கொட்டிவிட்டுப் பையைப் பிரித்துப் படிப்பான். ஒற்றைக்காலில் நின்று, காலரைக் கடித்துக்கொண்டு. கதை பாதியில் நின்றுவிட்டால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. மாணிக்தலா சந்தில் எந்தக் கடைப் பொட்டலத்தில் மிச்சக் கதை இருக்கும் என்று நாயாய் அலைவான்.

அம்மா ஷிபானி பழைய பத்திரிகைத் தாள்களில் கடைகளுக்குப் பைகள் ஒட்டுபவள். ஒட்டும்முன் அவன் படித்துவிடுவான். "இந்த வேகத்துல கணக்கைப் படிச்சா நீ ஜட்ஜுடா!" என்பாள்.

"கணக்குல யாரும்மா திருடன்?" என்பான்.

இன்று அவன் பள்ளியிலிருந்து வருவதற்குள் படகுக் கொள்ளைக் கதையின் கடைசிப் பக்கம் பையாகிவிட்டது.

"போதி, ஒண்ணு குறையுதே!" கூடத்தில் பைக்கட்டை எண்ணிக்கொண்டிருந்த நிதாய், அண்ணி முறையில் அவளைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார். "கடைக்காரன் என் தோலை உரிச்சிடுவான். கணக்கு சரியில்லேன்னா மொத்தக் கட்டையும் இங்கேயே வச்சிட்டுப் போயிடுவேன்."

ஷிபானி சமையலறைக்குள் பாய்ந்தாள். போல்ட்டு அந்தப் பையை ஆவியில் காட்டிக்கொண்டிருந்தான். மடிப்பு பாதி பிரிந்திருந்தது. பிடுங்கி ஒட்டிக் கொடுக்க ஒரு நொடி போதும். அவள் கை நீண்டது.

"அம்மா... இன்னும் நாலே வரிம்மா."

அவன் கண்கள் நிறைந்திருந்தன. பரீட்சையில் தோற்றபோதுகூட அழாத பிள்ளை!

நீட்டிய கை திரும்பியது. சுவர் நாட்காட்டியில் நடப்பு மாதத்தாளைச் சரக்கென்று கிழித்தாள். மடித்தாள், பசையில் தோய்த்தாள், ஒட்டினாள், கூடத்துக்கு வந்து நிதாயிடம் நீட்டினாள்.

"என்ன போதி, ஈரமா இருக்கு?"

"போற வழியில காஞ்சிடும்."

"அப்போ டீ?"

"பால் திரிஞ்சு போச்சு!"

முணுமுணுத்தபடி பைக்கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிதாய் படியிறங்கினார். ஷிபானி கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதிலேயே சாய்ந்தபடி, பசைக் கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"படிடா," என்றாள். "எனக்கும் கேக்கற மாதிரி, சத்தமா."