வயரிங் றபீக் நானாவும் பாதையடியில் நின்றுபோன காரும்

றபீக் நானா மவுத்தாம். காலையில் ஸ்டாஃப் ரூமில் போனில் மரணச் செய்தியைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்...

காத்தான்குடி, நாவற்குடாப் பக்கம் பழைய கார் வைத்திருந்த யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது; எல்லோருக்கும் அண்ணன், அதாவது நானா. வயரிங், சார்ஜிங், ஸ்டார்ட்டர்... கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாம் அவரிடம்தான்.

அவரிடம் போய் "நானா, பெட்டரி செத்துட்டு" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மனுசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"செத்துட்டு எண்டு சொல்ல நீங்க ஆரு டீச்சர்? என்ன நடந்த எண்டு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பார்த்துச் சொல்றன்."

பிறகு ஒரு விசாரணை நடக்கும் பாருங்கள்... காலையிலா, மழைக்குப் பிறகா, லைட் மங்கினதா, வெறும் 'டிக் டிக்' சத்தமா. பொலிஸ் தோற்றுவிடும்!

என் கார் அவரையே திணறடித்தது. வீட்டில் ஸ்டார்ட் ஆகும், ஸ்கூலிலும் ஆகும். சனிக்கிழமை அம்மாவின் ஊரான மண்டூருக்குப் போகும்போது மட்டும், வாவியைக் கடக்க 'பாதை' என்கிற மிதவைப் படகுக்கு நெடுநேரம் காத்து நின்றுவிட்டு சாவியைத் திருப்பினால்... ஒன்றும் இல்லை. அங்கே நிற்கிற சனம்தான் தள்ளி ஏற்றும், தள்ளி இறக்கி ஸ்டார்ட் ஆக்கும்.

அம்மாவுக்குக் கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரி. அதனால் நாவற்குடாவில் என்னோடு வைத்திருந்தேன். ஆனால் சனிக்கிழமை மண்டூர் வீட்டைத் திறந்து கூட்டி, முருகனைக் கும்பிட்டு வந்தால்தான் அவருக்கு உயிர் வரும்.

தம்பி ஒரே பிடியாக நின்றான். "இந்தக் கார நம்பி வருத்தக்கார மனிசியக் கூட்டிப் போறதா? இனி மண்டூர் வேணாம் அக்கா." எனக்கும் பயம்தான். இன்னொரு தடவை நின்றால் பயணத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம்.

அம்மா எழும்பிப் போய் மண்டூர் வீட்டுச் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

நானா மீட்டர் வைத்துப் பார்த்தார். அல்டனேட்டர் ஒழுங்காக சார்ஜ் போடுகிறது. பெட்டரி நல்லம். எங்கேயும் கரண்ட் லீக் இல்லை.

"எல்லாம் சரியாத்தான் இரிக்கி டீச்சர். அதுதான் எனக்குப் பிடிக்கல்ல."

அந்தச் சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு காரில் ஏறிவிட்டார். வழி நெடுக அம்மாவும் அவரும் வெள்ளாமை, நண்டு, முழங்கால் நோ என்று ஒரே கதை.

பாதையடியில் நான் வழக்கம்போல சாவியைக் காரிலேயே விட்டு இறங்கி, நிழலில் நின்றேன். அம்மாவால் இறங்க ஏலாது. திரும்பி வந்தபோது நானா பொனட்டைத் திறந்து வைத்திருந்தார். அம்மா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிட்டன் டீச்சர். ஏர்த் வயர் லூஸ்."

அடுத்த நாள் கடையில் வயரை இறுக்கினார். கூடவே டாஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன், அம்மாவின் பக்கம் சுவிட்ச்.

"என்ஜின நிப்பாட்டினாலும் இது ஓடும். கரண்ட் கொஞ்சமாத்தான் குடிக்கும். பாதையடி வெக்கை, அம்மாவுக்கு வேர்க்கும்தானே."

அதற்குப் பிறகு கார் நிற்கவே இல்லை. அம்மா படுக்கையில் விழும்வரை மண்டூர்ப் பயணமும் நிற்கவில்லை.

கடைசி நாட்களில்தான் அம்மா வாயைத் திறந்தார்.

"ஏர்த் வயரும் இல்ல, ஒண்டும் இல்ல மகள். நீ இறங்கிப் போனாப் பிறகு நான்தான் சாவியத் திருப்பி காரிட ஃபேன் காத்தப் போட்டுட்டு இருப்பன். நீ வாறதக் கண்டா நிப்பாட்டிருவன். அண்டைக்கு நானா கண்டுட்டார். தம்பி அறிஞ்சா என்னை ஊருக்கு விடமாட்டான் எண்டு அழுதுட்டன்..."

என்ஜின் ஓடாமல் அவ்வளவு நேரம் காற்றுப் போட்டால் எந்தப் பெட்டரிதான் தாங்கும்!

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் நானாவின் கடைக்குப் போனேன். "அம்மா எல்லாம் சொல்லிட்டா நானா" என்றேன். ஒரு வயரைச் சீவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"வருத்தத்தில அம்மாவுக்கு மறதி டீச்சர். அது ஏர்த் வயர்தான்."

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். பிளேன்டீ எடுப்பித்துத் தந்தார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கமாம். பிறகு அவரின் வீட்டுக்குப் போய் மகளிடம் இதைச் சொல்ல வேண்டும். நானா நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார்.

அம்மாவின் சனிக்கிழமைகளுக்கு நன்றி நானா... போயிட்டு வாங்க.