இரண்டு டைரிக்காரர்

பஞ்சு மார்க்கெட் டீக்கடையில், ஆவி பறக்கும் கிளாஸை மேடையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டிஜிட்டல் டைரியை எடுத்து விரிக்கிறார் நைனா முகமது. நாலு பொத்தான்களைத் தட்டுகிறார். "நைரோபில இப்பம் ஏழேகாலு. அந்தாளு இன்னும் பல்லு வெளக்கிருக்க மாட்டான். செத்த நேரம் கழிச்சு போன் அடிப்போம்" என்கிறார். சொன்னதோடு விடுவதில்லை. கைப்பையிலிருந்து இன்னொரு டைரியை எடுத்து அதையும் தட்டிப் பார்க்கிறார். பிறகு பேனாவைத் திறந்து உள்ளங்கையில் ஒரு கழித்தல் கணக்குப் போடுகிறார். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் டீ தொண்டையில் இறங்குகிறது. அதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி எந்தெந்த நாட்டுக் காயத்துக்கெல்லாம் கட்டுப் போடுகிறதோ, அந்தந்த நாட்டுக்கெல்லாம் கம்பெனி அனுப்பிவைக்கும் ஆள் அவர். வயது நாற்பத்தேழு. வருஷத்தில் ஐந்து மாதம் விமானத்திலும் ஹோட்டலிலும் கழியும். மீதி நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து காலை எட்டு மணி பஸ் ஏறி ராஜபாளையம் ஆபீசுக்கு வருவார். சாம்பிள் துணியை விரலால் நீவி, இழை எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். மணியைக் கேட்டால் மட்டும் உடனே சொல்ல மாட்டார். "எந்த ஊரு மணி?" என்பார். ஆபீஸ் கிளார்க் பால்சாமி, "நம்மூரு மணிதான் பாய், டிபன் சாப்பிடப் போணும்" என்று கெஞ்ச வேண்டும். ரெட்டை டைரி பாய் என்று அவருக்குப் பெயர் வைத்ததும் பால்சாமிதான்.

இரண்டில் ஒரு டைரியின் முதுகில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, 'ஊர்' என்று எழுதியிருக்கிறார். எந்த நாட்டுக்குப் போனாலும் அதன் மணியில் கை வைப்பதில்லை. மற்றது போகிற ஊருக்கெல்லாம் மாறும். எந்தச் சந்திப்பானாலும் இரண்டிலும் ஏறும். இதில் நம் மணி, அதில் அவர்கள் மணி, கூடவே கிழமை. அவர் மனைவி அசீனா அலுத்துப்போய்ச் சொல்வது இது: "ரெண்டு பொண்டாட்டி கட்டுனவன்கூட இம்புட்டுப் பாடு பட மாட்டான்."

முன்பெல்லாம் அவர் இப்படியில்லை. பதினோரு வருஷம் வெறும் காகிதத்தில் ஓட்டியவர். தினசரி கேலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் அவருடைய டைரி. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணியே துபாய், கெய்ரோ, ஜகார்த்தா எல்லாம் போய் வந்தார். ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தப்பியதில்லை. தொண்ணூற்றைந்தில் துபாய்க்கார வியாபாரி ஒருவர் அன்பாக ஒரு டிஜிட்டல் டைரியைப் பரிசளித்தார். அன்றோடு எண்ணுவதை விட்டார்.

அடுத்த வருஷம் மூத்த மகள் நூர்னிசாவுக்குத் தேவதானத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. மளிகைக்கடைக் குடும்பம். அவருக்கு லாகோஸ் பயணம் குறித்தாகிவிட்டது. அங்கே பத்து நாள் வேலை. பேச்சை முடிக்கிற பொறுப்பை மைத்துனர் சேக் முகைதீனிடம் விட்டார். ஆனால் கிளம்புகிற அன்று மகளைத் தனியாகக் கூப்பிட்டார். "வெள்ளிக்கெழம ஜும்மா தொழுகைக்குப் பொறவுதாம் பேச்சு முடிப்பாக. அன்னைக்குக் காலைல பத்து மணிக்கு சீனியம்மா போன் பூத்துக்கு வந்துரு. நா போன் போடுதேன். மனசுல உள்ளதச் சொல்லு. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நா நிறுத்திப்புடுவேன்." வீட்டுக்குப் போன் கேட்டு எழுதிக்கொடுத்து இரண்டு வருஷமாகியும் வரவில்லை. பூத்தில் கண்ணாடிக் கதவு உண்டு. சாத்திக்கொண்டால் உள்ளே பேசுவது யாருக்கும் கேட்காது. பெண் தலையாட்டினாள். அவள் எதிரிலேயே டைரியில் வெள்ளி, பத்து மணி, நூர் என்று அடித்துக் காட்டினார்.

லாகோஸ் போய் இறங்கியதும் டைரியின் மணியை அந்த ஊர் மணிக்கு மாற்றினார். வியாபாரிகளைப் பார்க்க வேண்டுமே. மணி மாறியது. ஊரில் எழுதிவைத்த பத்து மட்டும் பத்தாகவே நின்றது. அது லாகோஸ் பத்தாக ஆகிப்போனதை அவர் யோசிக்கவேயில்லை.

கொடுமை என்னவென்றால், ஊரில் பத்தடித்த அந்த நேரம் அவர் விழித்துத்தான் இருந்தார். லாகோஸில் அப்போது ஐந்தரை. சுபுஹு தொழுதுவிட்டு, ஹோட்டல் அறையில் டீயை வைத்துக்கொண்டு, மகளிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கைக்கு எட்டுகிற தூரத்தில் போன் இருந்தது. ஒரு தடவை விரல் விட்டு எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணத்தான் மிஷின் இருக்கிறதே.

டைரி சரியாகப் பத்து மணிக்குக் கூவியது. போன் போட்டார். எடுத்தது சீனியம்மாள்.

"என்ன பாய் இப்பம் போடுதிய? இங்கன மணி ரெண்டரை. புள்ள பத்து மணியிலருந்து இங்கனயேதான் இருந்துச்சு. ஒவ்வொரு போனுக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துச்சு. பன்னெண்டரைக்கு மாமங்காரரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. இப்பம் ஒங்க வீட்டுல எல்லாத்துக்கும் சர்பத் குடுக்காக."

பெண்ணிடம் சம்மதம் கேட்டு, அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நூர்னிசா பேசவில்லை. அவளைப் பெற்ற அத்தாவும் பேசவில்லை. "அத்தாவுக்கு வேணாம்னா போன் வந்திருக்கும்லா" என்று சேக் முகைதீன் அவளிடம் சொன்னாராம். இரண்டு பேருடைய மௌனத்தையும் சேர்த்து ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மைத்துனரைப் பூத்துக்கு வரச்சொல்லி, இரண்டாம் தடவை போன் போட்டு அவர் கத்தியபோது கிடைத்த பதில் இது: "ஜமாத்துல பத்துப் பேருக்கு முன்னால வார்த்த குடுத்தாச்சு மச்சான். இனி என்ன செய்யச் சொல்லுதிய?"

இரண்டு வருஷமாகிவிட்டது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. வரும்போதெல்லாம் ஒரு சுற்று இளைத்து வருகிறாள். போன தடவை கன்னத்தில் தடம் இருந்தது. கதவு இடித்துவிட்டது என்றாள். அப்படி இடிக்கிற கதவு எந்த வீட்டில் இருக்கிறது?

எந்த நாட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை, நம் மணி பத்துக்குத் தேவதானத்துக்குப் போன் போடுகிறார். இரண்டு டைரிகளும் சேர்ந்து கூவும். ஒரு நிமிஷம் பிந்துவதில்லை. ஆனால் அங்கே போன் இருப்பது மளிகைக்கடையில், மாமனாரின் மேசைமேல். பக்கத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பார்கள். "நல்லா இருக்கேன்த்தா" என்பாள். "வேறென்னம்மா?" என்பார். "வேறொண்ணுமில்லத்தா." அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மனிதன் வாரம் முழுக்க மணி பார்த்துக்கொண்டிருப்பது?

சென்ற மாதம் பெருநாளுக்கு நான்கு நாள் வந்திருந்தாள். திரும்புகிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், தேவதானம் பஸ் நிற்கிற இடத்தில், இரண்டு வருஷமாக வாய்வரை வந்து திரும்பியதைக் கேட்டுவிட்டார்.

"அன்னைக்குப் பூத்துல என்ன சொல்லணும்னு காத்திருந்தம்மா?"

அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "இப்பம் ஞாபகமில்லத்தா."

"வேணாம்னு சொல்லத்தான வந்த? இப்பம் சொல்லு. பஸ்ஸுல ஏற வேணாம். வா, நம்ம வீட்டுக்குப் போவோம். யாரு என்ன சொன்னாலும் நா பாத்துக்கிடுதேன்."

நூர்னிசா பேசவில்லை. கண்டக்டர் படியில் நின்று ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார். இந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று நைனா முகமதுவுக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் போலிருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள வந்துரணும்னு சொல்லிவிட்டாக" என்றாள் கடைசியில். "மணி என்னத்தா ஆச்சு?"

பழக்கத்தில் டைரியைத் தேடிச் சட்டைப் பைக்குப் போன கையை அவர் பாதியில் நிறுத்தினார். பிறகு முழுக்கைச் சட்டையின் கைப்பகுதியை மெல்ல மேலே ஏற்றி, கைக்கடிகாரம் கட்டிய கையை, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று மகளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.