கொரிய மெஷினுக்கு நான் வைத்த பொட்டு

கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் என்பவன் தான் சாப்பிடாத சாப்பாட்டுக்குத் திட்டு வாங்குகிறவன். வெந்நீர் வராததற்கும் வைஃபை வராததற்கும் ஒரே அசட்டுச் சிரிப்பைப் பதிலாக வைத்துக் காலம் தள்ளும் சக துயரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

எங்கள் நூற்பாலை ராஜபாளையத்தில் இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. பஞ்சில் கலந்து வரும் தலைமுடி, சணல், பாலித்தீன் துணுக்கையெல்லாம் கேமராக் கண்ணால் பார்த்து ஊதித் தள்ளுகிற மெஷின் ஒன்றை முதலாளி கொரியாவிலிருந்து வரவழைத்தார். அதை மாட்டிக்கொடுக்க நான்கு பேர் வந்தார்கள். மேலாளர் காங், அவருக்குக் கீழே இரண்டு கொரிய இளைஞர்கள், அவர்களுக்கும் கீழே ரொமெல். ரொமெல் பிலிப்பைன்ஸ்காரர். பல வருஷமாகக் கொரியர்களோடு வேலை பார்க்கிறார். காங் கொரிய மொழியில் சொல்வதை ரொமெல் எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார். நான் அதைச் சமையல் பார்க்கும் பாக்கியத்திடம் தமிழில் சொல்வேன். அடுப்பங்கரை போய்ச் சேர்வதற்குள் பாதிச் செய்தி ஆவியாகிவிடும்.

வெயிலில் ஒரு நட்சத்திரம்

செப்டம்பர் பிறந்த அன்று ரொமெல் என்னிடம் மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் கேட்டார். ஏதோ மெஷின் சமாச்சாரம் என்று நினைத்து ஆபீஸ் கணக்கில் வாங்கிக் கொடுத்தேன். சாயந்தரம் பார்த்தால் வாசலில் பெரிய நட்சத்திரம் தொங்குகிறது, உள்ளே பல்பு எரிகிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, சார் எப்போது மதம் மாறினார் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடுமாம்.

அவருடைய அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் ஏஞ்சல் என்று ஒரு மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட இவர் வீட்டில் இருந்ததில்லை. மெஷின் சோதனை ஓட்டத்தில் தேறிவிட்டால் இந்த வருஷம் அனுப்புகிறேன் என்று காங் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி, உதிரி பாகம் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை ரொமெல் தன் அறை மூலையில் வைத்து நிரப்ப ஆரம்பித்தார். மனைவிக்கு நைட்டி, அம்மாவுக்கு ராஜபாளையத்து பேண்டேஜ் சுருள், பக்கத்து வீட்டுக்கு எவர்சில்வர் தூக்கு. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு போனால் அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம்.

நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்த பாக்கியம் என்னிடம் சொன்னது: "தீவாளிக்கே நம்ம இன்னும் துணி எடுக்கல. இவிய அதுக்குள்ள கிறிஸ்துமஸுக்கு ஸ்டாரு கட்டிட்டாவ. நம்ம எப்ப சார் திருந்துறது?"

ஒரே சட்டி

கொரியர்கள் மேஜை நடுவில் ஒரு சட்டிக் குழம்பை வைத்து, ரொமெலையும் சேர்த்து நான்கு பேரும் அவரவர் கரண்டியை அதிலேயே விட்டுச் சாப்பிடுவார்கள். வாயில் வைத்த கரண்டி திரும்பவும் சட்டிக்குள் போகும். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாகரிகம் கற்றுக்கொடுக்கிற நினைப்பில் ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். காங் நான்கு கிண்ணத்தையும் எடுத்து மறுபடி சட்டியிலேயே கவிழ்த்தார்.

விட்டேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாழை இலை போட்டேன். ரொமெல் இலையைப் பார்த்ததும் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அவர்கள் ஊரிலும் இலையில் கொட்டிக் கையால் சாப்பிடுவது உண்டாம். கொரியர்கள் நடுவில் இருந்து இருந்து அதையே மறந்துவிட்டாராம். காங்கும் ரோஷப்பட்டுக் கையை வைத்தார். ரசம் உள்ளங்கையிலிருந்து வழிந்து அவருடைய வாட்ச்சுக்குள் போனது. ரொமெல் என் காதோடு சொன்னார்: "கொரியாவில் நான் கையால் சாப்பிட்டால் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள் சார். இன்றைக்கு ஒரு நாள் அவர் குழந்தை."

உலகத்திலேயே எங்கும் கிடைக்காதது

வந்த விருந்தாளிக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு பிரசங்கமும் செய்யாவிட்டால் எனக்கு அன்று சாப்பாடு செரிக்காது. கடைக்கு அழைத்துப் போனேன். இந்த ஊர்த் தண்ணீர், இந்த ஊர்ப் புல், இந்த ஊர் மாடு, உலகத்தில் வேறெங்கும் இந்த ருசி வராது என்று முழங்கினேன். கடைக்காரரே கொஞ்சம் கூச்சப்பட்டார்.

ரொமெல் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு செத்த நேரம் கண்ணை மூடியிருந்தார். என் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்று நான் பூரித்துப்போனேன். கண்ணைத் திறந்தவர், "எங்கள் வீட்டிலும் இதே பாலும் சர்க்கரையும்தான் சார். ஆனால் எங்கள் அம்மா எருமைப்பாலில் செய்வார். இன்னும் கொஞ்ச நேரம் கிண்டுவார்" என்றார்.

காங்கின் அப்பா

செப்டம்பர் கடைசியில் கொரியர்களுக்கு ஒரு பௌர்ணமிப் பண்டிகை வந்தது. இறந்துபோன முன்னோருக்குப் படையல் போடுகிற நாளாம். ரொமெல் அரிசிப் பலகாரமும் பழமும் அடுக்கிக்கொடுக்க, காங் அப்பாவின் போட்டோ முன்னால் விழுந்து கும்பிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது நம்முடைய அமாவாசைப் படையலேதான்! ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் "கா, கா" என்று கூப்பிட்டேன். காங் முகம் வெளிறிவிட்டது. அவர்கள் ஊரில் காகம் கரைந்தால் கெட்ட செய்தி வருமாம். அதை நான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

வந்த காகம் என் சோற்றை மதிக்கவே இல்லை. நேரே உள்ளே பாய்ந்து, படையல் தட்டிலிருந்த அரிசிப் பலகாரத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. வேலை போயிற்று என்று எனக்கு வியர்த்தது. "எங்கள் ஊரில் அப்பாவே வந்து சாப்பிட்டதாக அர்த்தம் என்று சொல்லுங்கள்" என்று ரொமெலைக் கெஞ்சினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். காங் ஜன்னலுக்குப் போய், காகம் பறந்த பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். ரொமெல் மொழிபெயர்த்தது: "என் அப்பாவும் முதலில் அரிசிப் பலகாரத்தைத்தான் எடுப்பார்."

கண்ணில் பட்ட பொட்டு

இப்போது வருகிறது என் சாதனை. ஆயுத பூஜை அன்று மில்லில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். கெஸ்ட் ஹவுஸ் மேனேஜருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு நானும் சுற்றினேன். கொரிய மெஷின் மட்டும் பொட்டில்லாமல் நின்றது. அன்னிய தேசத்துப் பிள்ளை என்று ஒதுக்கலாமா? மூடியைத் தூக்கினேன். உள்ளே நெற்றி மாதிரி ஒரு வட்டக் கண்ணாடி தெரிந்தது. அழகாகச் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, மூடியை இறக்கிவிட்டு வந்தேன்.

அதுதான் அந்தக் கேமராக் கண். மறுநாள் ஓட்டியபோது மெஷினுக்கு எல்லாப் பஞ்சும் அழுக்காகத் தெரிந்தது. மல்லிகைப்பூப் போன்ற பஞ்சையெல்லாம் கழிவு என்று ஊதித் தள்ளியது. காங்கும் இளைஞர்களும் மோட்டாரைக் கழற்றினார்கள், வயரைப் பிரித்தார்கள், கொரியாவிலிருந்து விமானத்தில் புது போர்டு வரவழைத்து மாட்டினார்கள். ரொமெல்தான் கடைசியில் டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தார். சோதனை ஓட்டம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ரொமெலின் பயணமும் தள்ளிப்போனது. காங் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டு, அதைத் தாண்டி நான் வரக்கூடாது என்று உத்தரவிட்டார். ரொமெலிடம் போய்த் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மெஷின் மேல் தப்பில்லை சார். நீங்கள் சிவப்பைக் காட்டினீர்கள். அது சிவப்பைப் பார்த்தது."

ஊர் போகாத பால்கோவா

அதன்பிறகு ஒவ்வொரு முறை மெஷின் தேறிவிடும் போலத் தெரியும்போதும் ரொமெல் ஓடிப்போய் மகளுக்குப் பால்கோவா வாங்கிவந்து பெட்டியின் மேலே வைப்பார். உடனே மெஷின் வேறு ஏதாவது முரண்டு பிடிக்கும். பால்கோவா எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போகும் முன் நாங்களே தின்று தீர்க்க வேண்டும். கொரியர்கள் ஊறுகாய் முட்டைக்கோஸோடு சேர்த்துத் தின்றார்கள். நான் குற்ற உணர்ச்சியோடு சேர்த்துத் தின்றேன். பாக்கியம் ஒருநாள் தட்டை என் முன்னால் டக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்தத் தம்பி ஊரு போய்ச் சேரணும்னு நான் வேண்டாத சாமியில்ல சார். அவுகளுக்காவ மட்டும் இல்ல, உங்க சுகருக்காவவும்தான்."

மார்கழிக்கு எழுந்த கதை

டிசம்பர் நடுவிலும் மெஷின் தேறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் விடியுமுன் எழுந்து சர்ச்சுக்குப் போவது பிலிப்பைன்ஸ்காரர்கள் வழக்கமாம். ஒன்பதையும் முடித்தால் நினைத்தது நடக்குமாம். எங்கள் ஊர்ச் சர்ச்சில் அந்த நேரத்தில் பூசை கிடையாது. ரொமெல், "பூட்டிய கேட் முன்னால் நின்றாலும் போதும்" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டு விருந்தாளியை இருட்டில் தனியாக அனுப்பக்கூடாது என்பது கம்பெனி விதி. ஆகவே நானும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதே நாளில்தான் மார்கழியும் பிறந்தது. கோயில் மைக்கில் பாட்டு, தெரு முழுக்கக் கோலம், நடுவில் பூசணிப்பூ. ரொமெல் சர்ச் கேட் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நிற்பார். நான் பக்கத்தில் நின்று, என்னால் கெட்ட காரியத்தைச் சரிசெய்து கொடு என்று எல்லாச் சாமியையும் கேட்பேன். உண்மையிலேயே கேட்டேன். திரும்பும் வழியில் கோயில் வாசலில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் கிடைக்கும். அவர்கள் ஊரிலும் பூசை முடிந்து வெளியே வந்தால் சூடாக அரிசிப் பலகாரம் விற்பார்களாம். ஒரு கவளம் வாயில் போட்டதும் அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்கவே மறுநாளும் எழுந்தேன். என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை: "கல்யாணமான நாள்ல இருந்து மார்கழிக்கு எந்திரிங்கன்னு நான் கெஞ்சுதேன். அசையல. பிலிப்பைன்ஸ்ல இருந்து ஆளு வந்து எழுப்ப வேண்டியிருக்கு!"

சாக்பீஸ் கட்டம்

ஒருநாள் காலையில் மில்லிலிருந்து வேன் வந்தது. காங் என்னை உடனே வரச் சொல்கிறார், குங்குமத்தோடு. இதற்கு நல்ல அர்த்தம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. போனேன். மறுபடியும் சோதனை ஓட்டம் தொடங்கப்போகிறது. இது தவறினால் கிறிஸ்துமஸுக்கு ரொமெல் இங்கேதான். வேலைக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நான் நின்றேன்.

காங் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கோட்டைத் தாண்டிக் கூட்டிப்போனார். மெஷினின் பின்பக்க இரும்புத் தகட்டில், கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, சாக்பீஸால் சின்னதாக ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். குங்குமம் தொட்ட என் விரலை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். பாக்கியத்திடம் கேட்டுப் பழகிக்கொண்டு வந்த தமிழில் சொன்னார்: "இங்ஙன. இங்ஙன மட்டும்."

ருசி பார்த்தவள்

மெஷின் நிற்காமல் ஓடித் தேறியது. பொட்டாலா, ரொமெலின் கைத்திறனாலா, கேட் கம்பியைப் பிடித்ததாலா என்று நான் ஆராயப் போகவில்லை. மிச்ச வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி காங் ரொமெலின் லீவில் கையெழுத்துப் போட்டார். மீதி விடியற்காலைகளை மகளோடு போய் முடிப்பதாகச் சொல்லிவிட்டு, அன்று காலையில் வாங்கிய பால்கோவாவைப் பெட்டியின் மேலே வைத்து ரொமெல் மதுரைக்குக் காரில் ஏறினார். நட்சத்திரத்தை எங்களுக்கே விட்டுப்போனார். சாயந்தரம் ஆனால் காங்தான் போய் ஸ்விட்ச் போடுவார்.

கிறிஸ்துமஸ் அன்று ரொமெல் வீடியோவில் கூப்பிட்டார். ஏஞ்சல் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பேசி முடிக்கிறவரை அந்தப் பிடியை விடவே இல்லை. போன் திரை எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அதில் பொட்டு எதுவும் இல்லை. அவள் ஒரு விள்ளல் பால்கோவாவை மென்று, யோசித்து, ஏதோ சொன்னாள். நானும் பாக்கியமும் காங்கும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக் காத்திருந்தோம். ரொமெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "நல்லாத்தான் இருக்காம் சார். ஆனால் பாட்டி செய்வதுதான் இதைவிட ருசியாம்."

ஆக, சக துயரர்களே, விருந்தாளியைச் சந்தோஷமாக ஊருக்கு அனுப்பிவைக்க என்னாலும் முடியும், என் கைக்கு முன்னால் யாராவது ஒரு கட்டம் மட்டும் போட்டுக் கொடுத்தால்.