சுபேதாரின் சிவப்புக் கோட்டு

ரத்னவேலுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவர்கள் தனக்குக் கீழே இருக்கிறவரைக்கும் பிடிக்கும். துறைமுகக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவரை யாரும் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒத்திகை பார்க்கும் நாடகக் குழு ஒன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மதராஸிலிருந்து இந்த ஊருக்குக் கப்பலேறி வந்த சிப்பாய்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு நாடகம் போடும். அதில் சிப்பாய்களுக்குத் தலைவரான சுபேதார் இவர்தான். தொப்பைக்கு மேல் சிவப்புக் கம்பளிக் கோட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு வந்து நின்றால் மேடையில் அத்தனை பேரும் விறைத்து நிற்பார்கள். அந்த ஒரு வேஷத்தை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

இந்த ஊர் வெக்கைக்குக் கம்பளியா என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "நெசமான சுபேதார் அதைத்தான் போட்டான். பனியனோடயா வந்தான்?" என்று கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

அந்தக் கோட்டு இந்த ஆண்டு வெளுத்துவிட்டது. தோளெல்லாம் செங்கல் நிறம், அக்குளில் வெளிறிப்போன ரோஸ். உடைகளைக் கவனித்துக்கொள்ளும் மோகனப்பிரியா வங்கியில் வேலை பார்க்கிறவள். பொறுமையாகத்தான் சொன்னாள்.

"திரும்ப சாயம் போடுறதைவிடப் புதுசா தைச்சிடலாம் அண்ணே. கம்பளியைக் கொதிக்கவிட்டா சுருங்கிடும். செராங்கூன் ரோட்டுல நல்ல சிவப்புத் துணி எடுத்து வச்சிருக்கேன். வேணாம்னா திருப்பி எடுத்துக்கிறேன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு."

ரத்னவேல் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார். வாயைத் திறந்த நேரத்தில் கண்ணாடிப் பக்கம் பார்வை போனது. அங்கே தண்ணீர் சுமக்கும் ஆளாக நடிக்கிற சரத் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். ஜிம்முக்குப் போய்ப் போய் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் வளர்ந்த பயல். பாதி வசனத்தில் கைப்பேசியை எட்டிப் பார்க்கிறவன்.

"லைட்டுக்குக் கீழ எப்படித் தெரியுதுன்னு டைரக்டர் பார்க்கச் சொன்னாரு அங்கிள்," என்றான் சரத்.

அங்கிளாம். ரத்னவேலின் தலைக்குள் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. புதுத் துணி, புது அளவு, புது சுபேதார். எல்லாரும் சேர்ந்து நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு மூளையா என்று ஒரு பக்கம் வியப்பாகக்கூட இருந்தது. மறுபக்கம் பயம். முகத்தில் மட்டும் ஏளனத்தை ஏற்றி வைத்துக்கொண்டார்.

"புதுசா மாட்டிக்கிட்டு நிக்க இது என்ன தீபாவளிச் சட்டையா? அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்துடும்மா. சாயம் நானே போட்டுக்கிறேன். சரித்திர நாடகம்னா என்னன்னு தெரியாதவங்கல்லாம் இதுல தலையிடாம இருந்தா நல்லது."

டைரக்டர் திலீப் மோகனப்பிரியாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். "சரி லா அண்ணே, உங்க கோட்டு, உங்க இஷ்டம்," என்றான் திலீப். திட்டம் கெட்டுப்போன வருத்தம் அவன் குரலில் இருப்பதாக ரத்னவேலுக்குப் பட்டது. பொங்கோலில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சாயத்துக்குத் தோதாக இருந்தது பிரியாணிப் பானை ஒன்றுதான். அவர் மனைவி ரத்தினம்மா அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

"ஏங்க, அந்தப் பொண்ணு சுருங்கிடும்னு சொல்லுச்சாமே. பேசாம கேக்க வேண்டியதுதானே?"

"பேங்க்ல உக்காந்து பொத்தான் தட்டுறவ. அவளுக்குத் துணியைப் பத்தி என்ன தெரியும்?"

தெரிந்தவர் வேலையை ஆரம்பித்தார். சாயப்பொடி, வினிகர், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். கரண்டிக் காம்பால் கோட்டைக் குத்தினார், புரட்டினார், ஏதோ பழி தீர்ப்பதுபோல அடித்தார். அப்படியே எடுத்துக் குழாய்ப் பச்சைத் தண்ணீரில் போட்டு முறுக்கிப் பிழிந்தார். கம்பளியைக் கொல்ல வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. நிறம் மட்டும் அமோகமாக ஏறியிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

காய்ந்த கோட்டு பலகைபோல விறைத்திருந்தது, நீளமும் குறைந்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். "போடப் போட லூசாயிடும்," என்றார் ரத்னவேல். ரத்தினம்மா பானையைத் தேய்க்கப் போனாள். வீட்டில் போட்டுப் பார்க்க அவருக்கு தைரியம் வரவில்லை. ஆனால் அதற்குப் பெயர் தைரியமின்மை என்று அவர் ஒப்புக்கொள்வாரா?

நாடகத்துக்கு முந்தின நாள் முழு வேஷ ஒத்திகை. கோட்டை வெளியே எடுத்ததும் "கலர் சூப்பர் அண்ணே," என்றான் திலீப். ரத்னவேல் அலட்சியமாகத் தலையாட்டிவிட்டுக் கையை நுழைத்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. மூச்சை இழுத்து, தோளைக் குறுக்கி, சுவரில் சாய்ந்து எப்படியோ உடம்பைத் திணித்தார். முன்பக்கம் இரண்டு பாதிக்கும் நடுவே பனியன் போட்ட தொப்பை பளிச்சென்று நின்றது. பொத்தானும் துளையும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தப்பித்திருப்பார்.

"அந்தப் புதுத் துணி?" என்றார் கடைசியில். "சரத்துக்குன்னு எடுத்தீங்களே, அது இருக்கா?"

மோகனப்பிரியாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சரத்துக்கா? அவருக்கு எதுக்கு அண்ணே கோட்டு? உங்களுக்குத்தான் எடுத்தேன். டெய்லர்கிட்ட உங்க அளவுகூடச் சொல்லி வச்சிருந்தேன். நீங்க வேணாம்னதும் மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டேன்."

திலீப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இன்னைக்கு வாங்கினாலும் நாளைக்குள்ள தைக்க முடியாது அண்ணே. வேற ஆளையும் நான் யோசிச்சு வைக்கல. சரத், நீ போட்டுப் பாரு."

சரத் தயங்கித் தயங்கித்தான் வாங்கினான். கோட்டு அவன் உடம்பில் அப்படியே உட்கார்ந்தது. பழைய படங்களில் இருக்கிற மாதிரியே இடுப்போடு ஒட்டி, இறுக்கமாக. பார்த்தவர்களுக்கெல்லாம் அது தெரிந்தது, ரத்னவேலுக்கும் தெரிந்தது.

"நீங்க சரத்தோட தண்ணிக்காரர் வேஷம் பண்ணுங்க அண்ணே," என்றான் திலீப் மெதுவாக. "அதுக்குச் சட்டை கிடையாது. வேட்டி போதும்."

அவமானம் காதுவரை சுட்டது. யார் மீதாவது எரிந்து விழ வேண்டும் என்று ரத்னவேல் அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லாருமே அவரைத்தான் சுபேதாராக நினைத்திருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

சரத்தின் விரல்கள் கழுத்துக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ரத்னவேல் பக்கத்தில் போய் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தள்ளுடா. உனக்கு இது வராது, கிழிச்சு வைப்ப," என்று சொல்லிக்கொண்டே தானே கொக்கியை மாட்டிவிட்டார்.