மேல்மண்

பல் முளைக்காத பிள்ளையை எங்கள் பக்கம் எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். அடையாளத்துக்கு ஒரு கல்கூட வைப்பதில்லை. பெற்றவள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். என் மகளையும் அப்படித்தான் என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றித் தூக்கிப்போனார். யார் போட்ட சட்டமோ, அவர்கள் பெற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதைத்தது பெரம்பலூரில், டவுனுக்குள்ளேயே இருக்கும் ஆற்றங்கரை மேட்டில். சுற்றிலும் வீடுகள், பக்கத்து ரோட்டில் அரியலூர் போகும் சிமெண்ட் லாரிகள். சில வருஷம் கழித்து, அங்கே ஆதிகாலத்து மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று தோண்ட வந்தார்கள். முதலில் ஜேசிபி வந்து கருவேல மரங்களை வழித்தெடுத்தது. மண் சுமக்கப் பெண்கள் வேண்டும் என்றதும் ஓடினேன். கூலிக்காக இல்லை. என் பிள்ளைமேல் மண்வெட்டி விழுவதற்குள் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

“எந்த எடம்?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“ஆத்தோரமா, ஒரு கருவ மரத்தடி. இப்ப எதுக்கு அதைக் கிளர்ற?” என்றார்.

ஆற்றோரம் யாரும் தோண்டவில்லை. ரோட்டுப் பக்கம்தான் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டினார்கள். எனக்கு நிம்மதி. வெட்டிப் போட்டதைக் கூடை கூடையாகச் சுமந்துபோய்ப் பள்ளத்தில் கொட்டினேன்.

“மேல்மண்ணு எல்லாம் இப்ப உள்ளதும்மா. அதைப் பாக்க வேண்டாம், கொட்டிடுங்க” என்றார் மேற்பார்வை பார்த்த சார்.

ஆழம் போகப்போகப் பானை ஓடுகள் வந்தன. ஒருநாள் சின்னத் தாழி ஒன்று. உள்ளே குழந்தை எலும்பு. அதற்குக் குடை பிடித்து, பிரஷ்ஷால் தூசு தட்டி, போட்டோ எடுத்தார்கள். டவுனே திரண்டு வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்காரரும் வந்தார். வந்தவர் தாழியைப் பார்க்கவில்லை. ரோட்டோரத்துத் தண்ணீர் டேங்கைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், காலடியில் இருந்த குழியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இங்கதான்டி.”

“ஆத்தோரம்னு சொன்னீங்களே?”

“அன்னைக்கு ஆத்துல வெள்ளம். தண்ணி இதுவரைக்கும் ஏறி நின்னுச்சு. அதுக்கு அங்கிட்டு எப்படிப் போறது?”

பள்ளத்துப் பக்கம் திரும்பினேன். அங்கே மண் மலையாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குழியின் மேல்மண்ணை வேறு யாரும் அள்ளவில்லை. நான்தான் தலையில் சுமந்துபோய்க் கொட்டினேன்.